அழுகையும் வெகுளியும்: தன்னுணர்ச்சிப் பாட்டும் அரசியற் பாட்டும்

கவிதைக்கு உயிர் உணர்ச்சி என்பதை மறுப்பார் இலர். ஆயின், அவ்வுணர்ச்சி யாருடையதாதல் வேண்டும் என்னும் வினா எழுந்தவிடத்து அறிஞர் இரு திறத்தினராய்ப் பிரிகின்றனர். தன் நெஞ்சின் துயரையும் மகிழ்வையும் பாடுவதே கவிதை. அரசியல் புகுந்தால் அது மேடைப் பேச்சாகிவிடும் என்பர் ஒரு சாரார். ஊரார் துயருறும் காலத்துத் தன்னுயிர்ப் பாட்டுப் பாடுதல் பொறுப்பின்மை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் ஒருபுடை உண்மையே உடையன என்பதைத் தமிழ் இலக்கண மரபு கொண்டும், அண்மைக்கால ஈழத்துக் கவிதை கொண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் பாடுபொருளை அகம் என்றும் புறம் என்றும் வகுத்தார். அகத்திணையுள் எவர் பெயரும் சுட்டப்படலாகாது என்பது அவர் விதி. இவ்விதி பெயரைப் பற்றியதேயன்றி உணர்ச்சியின் அளவைப் பற்றியதன்று என்பது கருதத்தக்கது. நெடுநல்வாடை இதற்குத் தக்க சான்றாகும். பிரிவால் வருந்தும் தலைவியையும் பாசறையில் உறங்காத தலைவனையும் நக்கீரர் பாடிய அப்பாட்டு 188 அடிகளை உடையது. அதன் பெரும்பகுதி அகப்பாட்டாகவே நடக்கின்றது. எனினும், வேலிற் கட்டிய வேப்பந்தார் பாண்டியனது அடையாளப் பூவாதலின், அஃது ஒன்றைக் கொண்டே நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். ஒரு பூவின் அளவே நம் முன்னோர் இரண்டற்கும் இடையே கண்ட வேலி என்க. தனிமனிதன் துயரும் அரசியலும் ஒரு பாட்டினுள் அடங்கா என்பது நம் மரபன்று.

இனி, உணர்ச்சியின் இயல்பை நோக்குவாம். மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றற்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கின்றது. அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கால். வெகுளி பிறப்பது உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கால். இவ்விரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். அழுகைக்குரியவை ஒருவன் உற்ற நிலைகள். வெகுளிக்குரியவை ஒருவன் பிறர்க்குச் செய்யும் செயல்கள். குடியைக் கெடுத்தவன் ஒருவன் உளன் எனின், குடியை இழந்தவன் ஒருவனும் உளன். ஒரே நிகழ்ச்சி இழந்தோன் பக்கத்தில் அழுகையும், இழப்பித்தோனை நோக்கிய வழி வெகுளியும் ஆகின்றது. தன்னுணர்ச்சிப் பாட்டும் அரசியற் பாட்டும் ஒரு காயத்தின் இரு புறங்களே.

இக்கருத்தைப் பாரிமகளிர் பாடிய புறநானூற்று 112 ஆம் பாட்டிற் காணலாம். ஐந்தே அடிகள். தந்தையைக் கொன்று குன்றைக் கொண்ட மூவேந்தரைப் பெயர் கூறி வைதிருக்கலாம். வெகுளியின் நிலைக்களன்கள் பலவும் அவர்க்கு வாய்த்திருந்தன. அவர் அதனைச் செய்திலர். இரண்டு நிலாக்காலங்களை எதிரெதிர் நிறுத்தி, முன்னர் இருந்ததையும் பின்னர் இல்லாததையும் கூறி ஒழிந்தனர். வேந்தருக்கு அவர் கொடுத்த வெற்றி அடையோ இகழ்ச்சியாம் எனப் பழைய உரைகாரர் காட்டுவர். மகளிர் தம் அழுகையை மட்டும் தந்தனர். வெகுளியைக் கேட்போர் நெஞ்சுக்கு விட்டுவிட்டனர். கவிஞன் தானே வெகுண்டு முடித்தால் கேட்போன் செய்தற்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. அப்பாட்டு இன்றும் ஆறாதிருப்பதற்குக் காரணம் இதுவே எனலாம்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006 ஆம் ஆண்டுப் போரில் ஊரை விட்டு நீங்கினர். அவ்வாண்டு செப்டெம்பரில் ஊர் படையினர் வசமாயிற்று. பின்னர் அது பாதுகாப்பு வலயம் என்றும், தொழில் வலயம் என்றும், அனல்மின் நிலையத்துக்குரிய இடம் என்றும் பெயர் பெற்றது. கிளிவெட்டி முதலிய இடங்களிலுள்ள முகாம்களில் மக்கள் ஆண்டுக்கணக்காக இருந்தனர். 2015 இல் 818 ஏக்கர் நிலம் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த நிலம் 2016 இல் மீண்டது. அவ்வாண்டிலேயே அனல்மின் திட்டமும் கைவிடப்பட்டது. இவை வரலாற்றுச் செய்திகள், கவிதையல்ல. 'அசைவு' என்பதற்குப் பண்டை நிலை கெட்டு வருந்துதல் எனப் பேராசிரியர் பொருள் காண்பர். தன் கிணற்றில் நீர் மொண்டவள் முகாமிலே வரிசையில் குடத்துடன் நிற்பது அசைவு. அதனைக் கண்டு பாடுபவன் ஏக்கர்க் கணக்கைப் பாடவேண்டியதில்லை; அந்தக் குடத்தைப் பாடினாற் போதும். வலயம் எனும் சொல்லின் கொடுமை அக்குடத்தினூடே தானே விளங்கும்.

எண்ணும் கவிதையாகலாம் என்பதற்கு எம். ஏ. நுஃமான் அவர்களின் 'புத்தரின் படுகொலை' சான்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதைப் பொருளாக உடையது அது. எரிந்த நூல்களின் தொகை அதிற் கணக்காக நில்லாமல், ஒரு மேனியை மூடும் போர்வையாகின்றது. கொலையுண்டவராகக் காட்டப்படுபவர், எரித்தோர் வணங்கும் புத்தர்பிரானே. ஆதலின், யார்மீது குற்றம் சாட்டப்படுகின்றதோ அவரும் அழத்தக்க பாட்டாக அது அமைந்தது. கல்முனைப் பகுதியிற் பிறந்த முஸ்லிம் கவிஞர் ஒருவர் யாழ்ப்பாணத்தின் இழவைத் தம் இழவாகப் பாடினார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

மற்றொரு பக்கத்தையும் காண்போம். 1986 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண்கவிஞர் தொகுப்பு, வீட்டினுள் அடங்கியிருந்த துயரைப் பொதுமன்றுக்குக் கொணர்ந்தது. அத்தலைமுறைக் கவிஞருள் சிவரமணி 1991 மே மாதத்தில், தம் கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிர்நீத்தார். செல்வி அதே ஆண்டு ஆகஸ்டில் விடுதலைப் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்டு மீளவேயில்லை. இவர்கள் பாட்டில் அச்சமும் தனிமையும் அந்தரங்கமானவை. எனினும் அவற்றை விளைத்தது அரசியல். உருசியப் புலவர் அன்னா அக்மதோவா, மகன் சிறைப்பட்டபோது லெனின்கிராட் சிறைவாயிலில் மற்றைத் தாயரோடு வரிசையில் நின்றார். அத்துயரிற் பிறந்த 'ரெக்வியம்' என்னும் பாட்டைத் தாளில் வைத்திருக்க அஞ்சி நண்பர் நினைவில் வைத்துக் காத்தனர். ஒரு தாயின் புலம்பலுக்கு ஓர் அரசு அஞ்சுமாயின், தன்னுணர்ச்சிப் பாட்டு வலியற்றது என்பது எங்ஙனம் பொருந்தும்?

அவசர காலத்தில் முழக்கமும் வேண்டுமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். வேண்டும், அதன் பயன் கூட்டத்தை நடத்துவது. ஆயின் கூட்டம் கலைந்தபின் அது மீண்டும் ஓதப்படுவதில்லை. திருகோணமலையில் 1939 இற் பிறந்த தருமு சிவராமு, பிரமிள் என அறியப்பட்டவர், இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் எனத் தோன்றுகின்றது. அகத்தைக் கூர்ந்து நோக்கிய கவிதைகளால் அவர் புகழ் பெற்றார். இத்தீவின் அரசியலை வாதிக்கப் புகுந்தபோது 'ஸ்ரீலங்காவின் தேசியத் தற்கொலை' என உரைநடை நூலே எழுதினார். வாதத்துக்கு உரைநடை உண்டு; அதன் சுமையைக் கவிதைமேல் ஏற்றவேண்டுவதில்லை.

எஞ்சியிருப்பது ஒரு சோதனை; அது கடினமானது. தன் இனத்தார் இறந்தால் அழுகையும் பிறர் இறந்தால் மௌனமும் உடைய கவிதை, எத்துணை உருக்கமுடையதாயினும், குறையுடையதே. 2006 இல் சம்பூரார் மட்டுமோ ஊரை இழந்தனர்? அவ்வாண்டு ஆகஸ்டில் அண்டையிலுள்ள மூதூரிலிருந்து முஸ்லிம் மக்களும் பெருந்தொகையாக வெளியேறினர். அதே மாதத்தில் அவ்வூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனப் பணியாளர் பதினெழுவர் கொல்லப்பட்டனர். சம்பூரைப் பாடுபவன் மூதூரை மறந்தால், அவன் பாட்டிற் பேசுவது இழவு அன்று, கட்சியே. தொல்காப்பியர் இழவுக்கு இனம் வகுத்திலர்.

ஆகவே, கல்லூரி மாணவருட் கவிதை எழுத விழைவோர் பொருளை அகம் என்றோ அரசியல் என்றோ முன்னரே தெரிந்துகொள்ளுதல் வேண்டா. தாம் நேரே அறிந்த ஓர் இழப்பை, அதன் சிறுபொருள் ஒன்றோடு, மிகையின்றிக் கூறுக. அதை விளைத்தது எது என்பதை மறையாதிருக்க. அதன்மேற் கூச்சலிடாதும் இருக்க. அண்டை வீட்டானுக்கும் அதே இழப்பு நேர்ந்திருப்பின் அவனையும் அப்பாட்டினுள் அழைக்க. இவ்வளவு செய்த கவிஞன் தன் அழுகையை நேர்மையாகத் தந்தவனாவான். வெகுளியோ, அதைக் கொள்ளவேண்டிய நெஞ்சங்களைத் தானே சென்றடையும்.