தூதுவன் பொறுப்பாவானா?

இராவணன் அவையிலே கட்டுண்டு நின்ற அனுமனைக் கொல்லுமாறு கட்டளை பிறந்தபோது, தூதுவனைக் கொல்லுதல் அரசநீதிக்கு அடாது என்று வீடணன் தடுத்தான். சொல்லுக்குரியவன் அனுப்பினோனே, கொணர்ந்தோன் அதன்பொருட்டு ஒறுக்கப்படலாகாது என்பது அந்நீதியின் உட்பொருள். இன்று இணைய நிறுவனங்கள் கோரும் காப்பும் இதுவே. பயனர் எழுதியதற்கும் ஏற்றிய படத்திற்கும் பயனரே பொறுப்பு, யாம் வெறுந் தூதுவர் என்பது அவற்றின் வாதம். அவ்வாதம் எத்துணைப் பொருந்தும் என ஈண்டு ஆராய்வாம்.

சட்டங்கள் பல இக்காப்பை அளித்துள்ளன. அமெரிக்கா 1996இல் இயற்றிய சட்டத்தின் 230ஆம் பிரிவு, பிறர் தந்த செய்திக்கு இணையச் சேவையாளரை வெளியீட்டாளராகக் கருதலாகாது என்கிறது. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, 2008இல் திருத்தப்பெற்றவாறு, இன்னும் நுணுக்கமானது. செய்தியை அனுப்பத் தொடங்காமை, பெறுவோரைத் தேர்ந்தெடுக்காமை, செய்தியைத் தெரிந்தெடுக்கவோ மாற்றவோ செய்யாமை என்பன அது கூறும் நிபந்தனைகளுட் சில.

இவற்றுள் பெறுவோரைப் பற்றிய நிபந்தனையே நம் கருத்துக்கு உரியது. அஞ்சற்காரர் உறையின் மேலுள்ள முகவரிக்கே கடிதத்தைச் சேர்ப்பார். முகநூல் போன்ற நிறுவனமோ எப்பதிவை எவர் கண்முன் வைப்பது என்பதைத் தன் கணிப்பு முறையாலே தானே முடிவு செய்கிறது. மக்களை நெடுநேரம் பிடித்துவைக்கும் பதிவுக்கு முதலிடம் கிடைக்கும். விளம்பர வருவாயும் அதனாற் பெருகும். இங்ஙனம் கேட்போரைத் தானே தேர்பவன் தூதுவனல்லன், முரசறைவோன் ஆவான்.

அம்முரசின் விளைவை நம் நாடு கண்டது. 2018 பெப்ரவரி இறுதியில், உணவிலே மலட்டு மருந்து கலக்கப்படுகிறது என்ற பொய் அம்பாறையில் எழுந்தது. மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் சூழலிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கியது. 2020 மே மாதம் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. உள்ளூர் மொழியறிந்தோரைப் பணியிற் சேர்த்ததையும், பலமுறை மறுபகிரப்படும் செய்திகளின் பரவலைக் குறைக்க முற்பட்டதையும் கூறியது. குறைக்க வல்லவர்க்குப் பெருக்கியதிற் பங்கில்லை எனல் எங்ஙனம் பொருந்தும்?

நமது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இக்குறையைத் தீர்த்ததா? தீர்க்கவில்லை என்பதே எம் துணிபு. 2024 சனவரி 24ஆம் நாள் 108க்கு 62 என்னும் வாக்குகளால் நிறைவேறிய அச்சட்டம், சனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவிடம் பொய்க்கூற்றெது எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒப்படைத்தது. அதன் நோக்கு பெரிதும் தனித்தனிக் கூற்றுகளின் மேலதே. அவற்றைப் பரப்பும் பொறிமுறையின் மேலதன்று.

வன்னியில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் உருவத்தை இழிவாக மாற்றிய படமொன்று பரவியது. தமிழில் எழுதிய முறைப்பாட்டிற்கு, அது தம் விதிகளுக்கு மாறானதன்று என்ற விடையே ஒரு நிறுவனத்திடமிருந்து வந்தது. மூன்று வாரம் அவள் பள்ளிக்கு வந்திலள். மற்றொரு புறம், போரிலே இறந்த மகனின் நிழற்படத்தை நினைவுநாளில் இட்ட தாயொருத்தியின் பதிவு காரணங் கூறாமலே நீக்கப்பட்டது. நம் மொழியறியாத நிறுவனத்தைத் தண்டனையால் அச்சுறுத்தினால், அது தாயின் பதிவையே விரைந்தழிக்கும். மாணவியின் துயரை அதனால் அறியவும் இயலாது.

ஆகவே பொறுப்பை இருவகையாகப் பகுத்தல் வேண்டும். பிறர் சொல்லை வைத்திருப்பதற்கு, நீதிமன்ற ஆணையோ அரசின் முறையான அறிவித்தலோ கிடைத்த பின்னரே நிறுவனம் பொறுப்பாதல் தகும். இந்திய உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் கொண்ட கருத்தும் இதுவே. நம் நாட்டிலோ அவ்வறிவித்தலும் நீதிமன்றின் வழியே வருதல் நலம். ஆயின் பரப்பியதற்கு, அது தன் செயலுக்கே விடை கூறுதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு எண்ணிமச் சேவைகள் சட்டம், 4.5 கோடிப் பயனருக்குக் குறையாத பெருந்தளங்கள் தம் பரிந்துரை முறையால் விளையும் தீங்குகளை மதிப்பிட்டுக் குறைக்கவும், நீக்கத்திற்குக் காரணங் கூறவும் பணித்துள்ளது. அத்துடன் தமிழிலும் சிங்களத்திலும் முறைப்பாட்டை வாசித்து விடைதரும் கடமையையும் நம் சட்டம் சேர்த்தல் வேண்டும்.

வீடணன் காத்தது தூதுவனை. அக்காப்பை முரசறைவோனும் கோருவானாயின், அவனை முதலில் முரசைக் கீழே வைக்கச் சொல்லுதலே முறை.