அரங்கும் நாதஸ்வரமும்

இசையை மதிப்பிடுவோர் இராகம், தாளம், கலைஞரின் மனோதர்மம் ஆகியவற்றை ஆராய்வரேயன்றி, அவ்விசை நிகழும் இடத்தைக் கருத்திற் கொள்வது அரிது. எனினும் கேட்கும் முறையையும், அதன்வழி மதிப்பீட்டையும் நிர்ணயிப்பதில் இடத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

நாதஸ்வரம் இதற்குத் தக்க சான்றாகும். சுவாமி வீதியுலா வருகையில் நெடுந்தூரம் கேட்கத்தக்க வாத்தியம் அது. திறந்த வெளியில் அதன் ஒலி தடையின்றிப் பரவும். கேட்போன் தனக்கு உவந்த தூரத்தில் நின்று கேட்பான். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் இரவிரவாக நடந்த மேளக் கச்சேரிகளில் விரிந்த இராக ஆலாபனை இச்சூழலுக்கே உரியது.

இருபதாம் நூற்றாண்டிலே கர்நாடக இசை சபா மண்டபங்களில் நிலைபெற்றது. சென்னையில் 1928இல் தோன்றிய மியூசிக் அக்கடமி, 1962இல் தனக்கெனப் பேரரங்கொன்றைப் பெற்றது. சுவர்களும் நாற்காலி வரிசைகளும் ஒலிவாங்கியும் மென்குரலிசைக்குத் துணையாயின. மூடிய மண்டபத்திலோ தவிலொலி சுவர்களில் மோதித் திரும்பிக் குவிகின்றது. 'இரைச்சல்' எனும் தீர்ப்பு இங்கேயே பிறக்கின்றது. டி. என். இராஜரத்தினம்பிள்ளை (1898-1956) ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைக் கையாண்டமையை, கச்சேரி மேடையின் மதிப்பை நாதஸ்வரத்துக்கும் கோரிய செயலாகக் கொள்ளலாம்.

ஆயினும் தொடக்க மங்கல இசையாக வரவேற்கப்படும் நாதஸ்வரம், முதன்மைக் கச்சேரி நேரத்தில் அரிதாகவே இடம்பெறுகின்றது. மண்டபத்தின் இயல்பால் நேர்ந்ததை வாத்தியத்தின் குறையாகவும், அதனைப் பேணிவந்த பரம்பரைகளின் குறையாகவும் கருதுதல் நீதியாகாது. கேட்ட இடத்தையும் சேர்த்து நிறுப்பதே நேர்மையான இசை விமரிசனமாகும்.