கண்ணுக்குத் தெரியாத பாதை
(லுணுகங்கத் தோட்ட வீடு பற்றிய ஒரு நோக்கு)

கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கோட்டேயிலுள்ள பாராளுமன்றக் கட்டடத்தையே முதலில் எடுத்துக்கொள்வர். எனினும் அவருடைய கலை நோக்கு உருவாகிய களம் அதுவன்று. பெந்தோட்டைக்கு அண்மையில், தெத்துவ வாவிக் கரையில் அமைந்த லுணுகங்கத் தோட்டமும் அதன் பழைய வீடுமே அக்களமாகும். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாவும் ஆங்கிலேயர் காலத்தில் இறப்பரும் விளைந்த நிலம் அது. 1948இல் அதனை வாங்கியபோது பாவா கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய ஒரு சட்டத்தரணி. வீட்டையும் தோட்டத்தையும் மாற்றியமைக்கத் தொடங்கிய பின்னரே தமது தொழில்நுட்ப அறிவின் போதாமையை அவர் உணர்ந்தார். லண்டன் சென்று கட்டடக்கலை பயின்று, 1957இல் தகைமை பெற்றார். அவர் வீட்டை மாற்றினார் என்பது எவ்வளவு உண்மையோ, வீடு அவரை மாற்றிற்று என்பதும் அவ்வளவு உண்மை.

பழைய தோட்ட வீட்டை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிய மாளிகை எழுப்புவது வசதி படைத்தோர் வழமை. பாவா அவ்வாறு செய்யவில்லை. வீட்டின் முகத்தையே திருப்பி, வாயிலை மறுபுறம் அமைத்தார்; அறைகளைத் திறந்த மேடைகளை நோக்கி விரித்தார். 1998இல் நோய்வாய்ப்படும் வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், இப்பணி சிறிது சிறிதாக நடந்துகொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று கூறக்கூடிய நாள் ஒன்று அவ்வீட்டுக்கு இருக்கவில்லை. இவ்வகையில் அது ஒரு விவசாயி வீட்டின் இயல்பையே ஒத்தது. அத்தகைய வீடும் தேவைக்கேற்ப வளர்வதன்றி ஒரேயடியாகக் கட்டி முடிக்கப்படுவதில்லை.

ஆனால் இங்கே தேவை எது? விளைச்சலன்று, காட்சி. இவ்வேறுபாட்டைக் கறுவாக் குன்று தெளிவாகக் காட்டுகின்றது. வீட்டின் தென்புறத்தில் நின்று நோக்குபவருக்கு வாவி நீரும், அதற்கப்பால் கட்டகுளிய விகாரையின் வெண்ணிறத் தாதுகோபமும் தென்பட வேண்டும் என்பதற்காகக் குன்றின் உச்சி தாழ்த்தப்பட்டது, மரங்கள் வெட்டப்பட்டன, பார்வையை வழிநடத்த இடையே ஒரு பெருஞ்சாடி வைக்கப்பட்டது. வீட்டுக்கும் குன்றுக்கும் இடையே ஊரவர் செல்லும் பாதையொன்று குறுக்கிட்டது. அது பள்ளத்துள் மறையும்படி அமைக்கப்பட்டது. மேலிருந்து நோக்குபவருக்குப் புற்றரை இடையறாது நீளும். பாதையோ அதில் நடப்போரோ கண்ணில் படார்.

இவ்வுத்தி பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரபுக்களின் தோட்டங்களிலிருந்து பெறப்பட்டதாகும். அங்கே வேலி தெரியாமல் கால்நடைகளைத் தடுப்பதற்குப் பள்ளம் வெட்டினர். இங்கே பார்வையிலிருந்து விலக்கப்பட்டோர் மனிதர் என்பதனைப் பாவாவைப் போற்றுவோர் பொதுவாகக் கூறாது விடுவர். பாதையை அவர் மூடிவிடவில்லை என்று வாதிடலாம், அது நியாயமே. வாயிற்கதவிட்டு வழியை மறித்த தோட்டத் துரைமார் இந்நாட்டில் குறைவல்லர். எனினும் நிலக்காட்சியின் அழகு அந்நிலத்தில் நடமாடும் மக்களை மறைப்பதில் தங்கியிருக்குமாயின், அவ்வழகை வியக்கும் விமர்சனம் அதற்குரிய விலையையும் கணக்கிட வேண்டும். தொலைவிலுள்ள தாதுகோபம் காட்சிக்குள் அழைத்து வரப்படுகின்றது. அதை வணங்கச் செல்லக்கூடிய அயலவர் காட்சிக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். குன்றிலிருந்து விரியும் தோற்றம் பேரழகுடையது என்பதை மறுப்பதற்கில்லை. அதனாலேயே இக்கேள்வியைத் தவிர்த்தல் இயலாது.

பாவா 2003இல் மறைந்தார். அதன் பின்னரும் மாற்றம் ஓயவில்லை. கொழும்பில் 1962இல் நிறைவுற்ற, பற்றிக் கலைஞர் ஈனா டி சில்வாவின் இல்லம் 2009 முதல் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் இலக்கமிடப்பட்டு, லுணுகங்கத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. அழிவிலிருந்து அது காப்பாற்றப்பட்டமை பாராட்டுக்குரியதே. ஆயினும் நெருக்கமான நகர வளவொன்றில், அயல்வீடுகளின் பார்வைக்குப் புறங்காட்டி, நடுமுற்றத்தை நோக்கித் திரும்பிய வீடு அது. இத்திறந்த தோட்டத்தில் அதன் சுவர்கள் எந்த அயலவரிடமிருந்தும் எதனையும் மறைக்கவில்லை.