பசலைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

சத்திரம் பேருந்து நிலையத்தில், ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பருக்கு நிற்கும்போதுதான் அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். தைராய்டு குறைவு எட்டு வருடப் பழக்கம். புதிதாக வந்திருந்தது வைட்டமின் டி: 11. இருபது நானோகிராமுக்குக் கீழே போனாலே பற்றாக்குறை. திருச்சி வெயிலில்! சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள் கண் மட்டும் தெரியத் துப்பட்டாவைச் சுற்றியிருந்தார்கள். நான் குடைக்குள்.

அன்று வகுப்பில் நடத்தியது குறிஞ்சிப்பாட்டு. மகளின் நோய் என்னவென்று செவிலி அறிந்தவர்களை விசாரிக்கிறாள், தெய்வங்களைத் தொழுகிறாள். தோழி காதலைச் சொல்லி முடிச்சை அவிழ்க்கிறாள். மற்ற அகப்பாடல்களில் வேலனை அழைத்து வெறியாடுவார்கள். வேலன் கணிப்பு தவறு என்று நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். தோழியின் கணிப்பை யாரும் சோதிப்பதில்லை. சோர்வா, தூக்கமின்மையா, நிறம் மங்கலா, எல்லாவற்றுக்கும் ஓர் ஆண்தான் காரணம். தலைவிக்குத் தைராய்டு என்று நான் சொல்ல வரவில்லை (எங்களுக்கு வளை கழலாது, இறுகும்). ஆனால் அந்த வாசிப்பு வகுப்பறையைத் தாண்டிவிட்டது. அசதி என்று போய் நிற்கும் பெண்ணிடம் ரத்தம் எடுக்கும் முன்பே, "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்கிறார்கள்.

இப்போது எதிர்த்திசையில் ஒரு வேலன். எல்லாம் வைட்டமின் டி குறைவால்தானாம். தில்லியில் 642 பேரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பற்றாக்குறை இருந்தது. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளுடன் அதற்கிருந்த தொடர்போ பலவீனமானது. எது எதனால் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

"வெயிலில் நில்லுங்கள்" என்பது சுலபமான அறிவுரை. காலை ஏழு மணி வெயிலால் பெரிய பயனில்லை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகும் நேரம் வேண்டும். அந்நேரம் கைகால் தெரிய மொட்டைமாடியில் நிற்க எந்த வீட்டில் விடுவார்கள்? மாமை நிறத்தைக் கொண்டாடிய மொழியில்தான் "கறுத்துப்போயிடுவ" என்று பெண்ணை வளர்க்கிறோம்.

பக்கத்தில் நின்ற அக்கா என் காகிதத்தை எட்டிப் பார்த்தார். "எனக்கும் இதேதாம்மா. தைராய்டு மாத்திரை, கால்சியம் ரெண்டையும் காலையில ஒண்ணாப் போட்டுக்கறேன்."

"சேர்த்துப் போடாதீங்கக்கா. கால்சியம் அதை உடம்புல சேர விடாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல போட்டுட்டு, நாலு மணி நேரம் கழிச்சு கால்சியம் போடுங்க."

"இத்தனை வருசமா யாரும் சொல்லலியே" என்றார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.