ஏணியை அறுத்தால் இலாபம்

மந்திரவாதியும் பூதமும் வரும் கதைகளைச் சிறுவர் சமாசாரம் என்று ஒதுக்கிவைப்பது எம் இலக்கிய வட்டத்தின் வழக்கம். அக்கதையுலகங்களின் பொருளாதாரத்தைப் பற்றி அவற்றின் இரசிகர்களே செய்யும் பகடியை நாம் கண்டுகொள்வதேயில்லை. அந்தப் பகடி நல்லதொரு விமர்சனம் என்பது என் எண்ணம். ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கி வெளியிட்டனர். மேசையைச் சுற்றியிருந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாத்திரமேற்று ஆடுவார்கள். வெற்றி தோல்வியைப் பகடைக்காய் தீர்மானிக்கும். விதிநூலில் வாளுக்கும் விலையுண்டு, கோழிக்கும் விலையுண்டு. அந்த விலைப்பட்டியல்தான் பகடிக்காரர்களின் விளைநிலம்.

2003ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். பத்தடி ஏணி 5 செப்புக்காசு. பத்தடிக் கம்பு 2 வெள்ளிக்காசு, அதாவது 20 செப்பு. ஏணி என்பது இரண்டு கம்புகளும் சில குறுக்குச் சட்டங்களும்தானே! ஏணியை வாங்கி, சட்டங்களை அறுத்தெறிந்து, கம்புகளை விற்றால், விதிப்படி பாதி விலைக்கே போனாலும் 20 செப்பு கைக்கு வரும். பிறகெதற்கு டிராகனோடு மல்லுக்கட்டுவது?

ஒன்பதாம் வகுப்பில் இலாபநட்டம் படிப்பிக்கும்போது இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பே சிரித்தது. வாவியில் வலைவீசும் ஒருவரின் மகன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப, ஏணி செஞ்ச ஆளுக்கு என்ன மிஞ்சும் சேர்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பட்டியலை மீண்டும் பார்த்தேன். சாதாரண கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, அதாவது 10 செப்பு. ஏணி அறுப்பவனுக்கு ஓர் ஏணியில் கிடைக்கும் இலாபம் 15 செப்பு. நீண்ட வாள் ஒன்று 150 நாள் கூலி. காயமாற்றும் மருந்துக் குப்பிகளில் மலிவானதே 500 நாள் கூலி. காயப்பட்ட கூலிக்காரனுக்கு அந்த மருந்து எட்டாது. இதை விதிநூல் எங்கும் சொல்லவில்லை, விலைகள் சொல்கின்றன.

இன்னொரு பகடியும் உண்டு. டிராகனின் புதையலை வீரர்கள் மூட்டை மூட்டையாக ஊருக்குள் கொட்டினாலும் கோழியின் விலை 2 செப்பிலேயே நிற்கும். வரலாற்றில் அப்படி நடப்பதில்லை. 1324இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட மாலி மன்னர் மன்ஸா மூஸா கெய்ரோவில் பொன்னை வாரி வழங்கினார். 25 திர்ஹத்துக்குக் குறையாதிருந்த ஒரு மித்கால் பொன், 22க்கும் கீழே இறங்கியதாக அல் உமரீ பதிந்திருக்கிறார். கைகாக்ஸும் இதை அறியாதவரல்லர். 1979இல் வெளிவந்த தம் வழிகாட்டி நூலில், அலாஸ்காவின் தங்க வேட்டைக்கால ஊர்களை உவமைகாட்டியே விலையேற்றத்துக்கு நியாயம் சொல்கிறார். ஆனால் அச்சேறிய பட்டியல் அசைவதில்லை.

இத்தகைய எள்ளலை இலக்கியமாக்கியவர்களும் உளர். டெரி பிரட்செட்டின் 1983ஆம் ஆண்டு நாவலில், மாய உலகத்து நகரொன்றுக்கு உல்லாசப் பயணியொருவன் தீக்காப்புறுதியைக் கொண்டுவருகிறான். காப்புறுதி பெற்ற விடுதிக்காரன் தன் விடுதிக்கே தீ வைக்க, நகரமே எரிகிறது. டயானா வின் ஜோன்ஸ் 1996இல் மாய உலகங்களுக்கு ஒரு பயணக் கைநூலே எழுதினார். அங்கே போகுமிடமெல்லாம் பயணிக்குக் கிடைப்பது ஒரே இறைச்சிக் குழம்புதான்!

இவர்களிடம் கூர்மை உண்டு. ஏணிக் கணக்குக்காரர்களோ இலாபத்தைக் கண்டதும் சிரித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். என் மாணவனின் கேள்வி அவர்களுக்கு எழவில்லை. அலிபாபா கதையில் அது இருக்கிறது. விறகுவெட்டியின் வீட்டில் பொன்னை அளக்க ஓர் அளவுபாத்திரம்கூட இல்லை, இரவல் வாங்கவேண்டியிருக்கிறது. அந்த இரவலால்தான் இரகசியம் வெளியாகிறது. ஏழ்மை அங்கே கதையையே நகர்த்துகிறது.

எம்மவர் சிறுகதைகளையும் இதே அளவுகோலால் அளக்கலாம். மட்டக்களப்பு வாவி அவற்றில் நிலவொளியில் மின்னுகிறது. இறால் என்ன விலை போனது, தோணி யாருடையது, முல்லைக்காரனின் கூலி எத்தனை மரைக்கால் நெல் என்பன அநேகமாக வருவதில்லை. நான் எழுதிய கதைகளிலும் இல்லை. விலையில்லாத வாவியும் ஒரு மாய உலகந்தான். அதைப் பார்த்துச் சிரிக்க இன்னும் எவரும் வரவில்லை, அவ்வளவே.