தேவதச்சன் கவிதைகளில் கரிசல் வெளி: முதற்பொருள் நோக்கு

முன்னுரை

கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலம் பெரிதும் புனைகதை வழியாகவே தமிழில் அறியப்படுகிறது. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி தொடங்கி பூமணி, சோ. தர்மன் வரை நால்வர் சாகித்திய அகாதெமி விருது பெற்றுள்ளனர். அதே கோவில்பட்டியில் நகைக்கடை நடத்தியபடி எழுதியவர் கவிஞர் தேவதச்சன் (பி. 1952). 2015இல் விஷ்ணுபுரம் விருது பெற்ற இவரது கவிதைகளில் வட்டார வழக்கும் ஊர்ப்பெயர்களும் அரிது. எனவே அவை நிலமற்ற தத்துவக் கவிதைகள் எனக் கொள்ள இடமுண்டு. அக்கருத்து பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருவும் முதலும்

தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என வகுக்கிறது. கரிசல் புனைகதை கருப்பொருளால் செழித்தது. பருத்தி, கம்பு, வெள்ளாடு, சம்சாரியின் தொழிற்கருவிகள் எனப் பெயர்களின் வழியே அங்கு நிலம் உருப்பெறுகிறது. தேவதச்சனிடம் கருப்பொருள் மெலிந்து, முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் மேலெழுகின்றன. ‘அத்துவான வேளை’ என்னும் தொகுப்பின் தலைப்பே இதற்குச் சான்று. ஆளரவமற்ற வெளியைக் குறிக்கும் சொல்லும் பொழுதைக் குறிக்கும் சொல்லும் அதில் இணைந்து நிற்கின்றன.

மேய்ப்பனின் பார்வை

அவரது கவிதை ஒன்றில் வெட்டவெளியில் நிற்கும் இடையன் முதலில் தொலைவிலுள்ள மேகங்களையும், பின் சாலையில் செல்லும் வாகனங்களையும், இறுதியில் சில ஆடுகளையும் மேய்க்கிறான். இவ்வரிசை வெறும் கற்பனை விளையாட்டன்று. மானாவாரிக் காட்டில் பார்வையை மறிக்கும் மரங்கள் குறைவு. அடிவானமும் நெடுஞ்சாலையும் ஆடும் ஒரே பார்வைக்குள் அடங்குவது அந்நிலத்தின் இயல்பு. மழையை எதிர்நோக்கும் நிலத்தில் கண் முதலில் மேகத்தை நாடுவதும் இயல்பே. கரிசல் என்னும் சொல் இன்றியே கரிசலில் நிற்பவனின் கண் இங்கே பதிவாகிறது.

உழைப்பினூடே இயற்கை

வெளியின் அழகில் உழைப்பும் வறுமையும் மறைந்துவிடுகின்றன என்பது இவ்வாசிப்பிற்கு எதிராக எழக்கூடிய வலுவான தடை. கி. ராஜநாராயணனின் உலகில் ஆடு பிழைப்பு. இங்கு அது காட்சியின் ஓர் உறுப்பு. கூலி, சாதி, பஞ்சம் ஆகியவற்றை அறிய விழைவோர் புனைகதையையே நாட வேண்டும். இவ்வரம்பு மறுக்கத்தக்கதன்று.

எனினும் துணி துவைப்பவரைப் பற்றிய கவிதை வேறொன்றைக் காட்டுகிறது. துவைக்கையில் குருவிகளின் ஓசை கேட்கிறது; அவை சென்றபின் நிசப்தம் கேட்கிறது; அடுத்த துணியை எடுக்கையில் அந்த நிசப்தமே குருவிகளுடையதாகிறது. இதற்கிடையே துவைப்பு நிற்பதில்லை. இயற்கையை நுகர ஓய்வு தேவை என்னும் எண்ணத்தை இக்கவிதை தகர்க்கிறது. வேலையை விட முடியாத மனிதருக்கும் குருவி உரியது. அது பறந்துபோன பின்னும் உரியது.

முடிவுரை

தேவதச்சனின் இயற்கை கருப்பொருள்களின் பட்டியலாக அமையாமல் வெளியும் பொழுதும் புலன்களில் படும் விதமாக அமைகிறது. வட்டாரச் சொற்களை மட்டும் நில அடையாளமாகக் கொள்ளும் ஆய்வு அவரைக் கரிசலுக்கு வெளியே நிறுத்திவிடும். முதற்பொருளை அளவுகோலாகக் கொண்டால், புனைகதையாளர்கள் பெயரிட்டுக் காட்டிய அதே நிலத்தை அவர் பார்வையாகவும் செவிப்புலனாகவும் மாற்றியிருப்பது புலனாகும்.