பட்டறையும் கொடியும்: மரபுவாதத்தின் நூறு ஆண்டுகள்

1907 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிராட் கேம்ப்டன் கிராமத்தில் ஒரு கை அச்சுப்பொறி ஓடத் தொடங்கியது. வில்லியம் மோரிஸ் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் ஆங்கிலக் கவிஞர் சாசரின் படைப்புகளை அச்சிட்ட அதே பொறி. நீராவி அச்சு எங்கும் பரவிவிட்ட காலம் அது. ஆனாலும் ஒவ்வொரு தாளையும் கையால் வைத்து, கையால் அழுத்தி, கையால் எடுத்தார்கள். வேலை முடியப் பதினைந்து மாதம் ஆயிற்று. அச்சானவை 425 பிரதிகள். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அந்த நூலை எழுதி, அச்சையும் உடனிருந்து கவனித்தவர் ஆனந்த குமாரசுவாமி.

1877-இல் கொழும்பில் பிறந்தவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன சர் முத்துக் குமாரசுவாமியின் மகன். தாய் ஆங்கிலேயர். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்து இங்கிலாந்திலேயே வளர்ந்தார். படித்தது நிலவியல். இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்கு வந்தபோது தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். பாறைகளைத் தேடி மலைநாட்டு ஊர்களில் அலைந்தவரின் கண்ணில் வேறொன்றும் பட்டது: வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த தச்சர்கள், கம்மாளர்கள், நெசவாளர்கள். ஆலைத் துணியும் இறக்குமதிச் சாமான்களும் அவர்களுடைய பிழைப்பை மட்டும் பறிக்கவில்லை, ஒரு முழு அறிவையே அழிக்கின்றன என்று அவர் கண்டார். அறிவியலாளர் மரபின் வழக்கறிஞரானது இப்படித்தான்.

இந்த மனநிலையை விளக்கும் முயற்சி 1927-இல் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நடந்தது. ஜெர்மனியில் சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் பழமைவாதச் சிந்தனை பற்றிய தம் கட்டுரையில் ஒரு முக்கியமான பிரிவைச் செய்தார். பழக்கத்தால் பழையதைப் பற்றி நிற்பது ஒன்று. நவீனம் எதிரே வந்து நின்ற பிறகு, அதற்குப் பதிலாகப் பழையதை ஒரு கொள்கையாகக் கட்டியெழுப்புவது இன்னொன்று. மரபுக்குள் வாழ்கிறவருக்கு 'மரபு' என்ற சொல்லே தேவைப்படுவதில்லை. அதை இழந்தவரும் இழக்கப் போகிறவருமே அதைப் பேசுகிறார்கள்.

அதே ஆண்டு பிரான்சில் ரெனே கெனோன் நவீன உலகின் நெருக்கடி பற்றிய தம் நூலை வெளியிட்டார். புளுவா நகரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், இந்துத் தத்துவத்தைப் பற்றி விரிவாக எழுதினார். ஆனால் இந்தியாவைப் பார்த்ததில்லை. சூஃபி வழியில் இஸ்லாத்தை ஏற்று, 1930-இல் கெய்ரோவுக்குப் போய், 1951-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஓர் ஆதி மெய்ம்மை உண்டு. அதைத் தொலைத்த மேற்கு எல்லாவற்றையும் எண்ணிக்கையாகக் குறுக்கிவிட்டது. இதுவே அவருடைய வாதத்தின் சாரம். மரபுவாதம் என்று அழைக்கப்படுவதும் இதுவே. குமாரசுவாமியும் தம் பிற்காலத்தில் இந்த வாதத்துக்கு நெருங்கி வந்தார். 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர், அதற்கு முன்பே, 1912-இல், சென்னையிலிருந்து வந்த 'சித்தாந்த தீபிகை' இதழில் நடராச தத்துவத்தை எழுதியிருந்தார். உண்மை விளக்கமும் திருமந்திரமும் துணை நின்ற அந்தக் கட்டுரையே பின்னர் ஆடவல்லானின் செப்புத் திருமேனியை உலகறியச் செய்தது.

இதுவரை இது பட்டறையின் கதை, நூலகத்தின் கதை. 1934-இல் இத்தாலியின் யூலியஸ் எவோலா நவீன உலகுக்கு எதிரான கலகம் என்று தம் நூலுக்குப் பெயரிட்டபோது கதை திசை மாறியது. கெனோன் ஞானிக்குக் கொடுத்த முதலிடத்தை எவோலா போர்வீரனுக்குக் கொடுத்தார். மரபு என்பது படிநிலை, படிநிலை என்பது ஆணை என்றானது. பாசிசக் கட்சியில் அவர் சேரவில்லை. அது இன்னும் கடுமையாக இருந்திருக்க வேண்டும் என்பதே அவருடைய குறை. போருக்குப் பிந்தைய இத்தாலியத் தீவிர வலதுசாரிகள் அவரை ஆசானாகக் கொண்டார்கள். ரஷ்யாவில் அரசியல் சிந்தனையாளர் அலெக்சாந்தர் துகின் அவருடைய நூல்களை ஏந்தினார். அமெரிக்காவின் வலதுசாரி அரசியல் வியூகர் ஸ்டீவ் பேனன் 2014-இல் வத்திக்கானில் நடந்த ஒரு மாநாட்டில் இணையவழிப் பேசியபோது எவோலாவின் பெயரைச் சொன்னார். சில ஆண்டுகளில் அது உலகச் செய்தியானது. இந்த வம்சாவளியை ஆய்வாளர் மார்க் செட்ஜ்விக் 2004-இல் ஒரு நூலில் வரலாறாகத் தொகுத்தார். 2020-இல் பெஞ்சமின் டைட்டல்பாம் இன்றைய அரசியலாளர்களையே நேரில் கண்டு எழுதினார்.

மரபுவாதமும் மதப் பழமைவாத அரசியலும் ஒன்றல்ல என்பதற்கு ஈரானைவிடத் தெளிவான சான்று இல்லை. கெனோன் வழிவந்த செய்யித் ஹொசைன் நஸ்ர், இயற்கையைப் புனிதமற்ற வெறும் பொருளாகப் பார்த்ததன் விளைவே சுற்றுச்சூழல் கேடு என்று 1960-களிலேயே எச்சரித்தவர். 1974-இல் டெஹ்ரானில் அரசி ஃபராவின் ஆதரவோடு ஒரு தத்துவக் கழகத்தைத் தொடங்கினார். ஐந்தே ஆண்டில் புரட்சி வந்தது. மதத்தின் பெயரால் ஆட்சி அமைந்தபோது, மரபைப் போற்றிய அந்தத் தத்துவவாதி அமெரிக்காவில் அகதியைப் போல வாழவேண்டியதாயிற்று. அரசதிகாரம் ஏறிய மதம் மரபின் எல்லாக் குரல்களையும் தாங்குவதில்லை. தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறது.

ஆனால் பழியை முழுவதும் எவோலா மேல் போட்டுவிட்டுக் குமாரசுவாமியை விடுவித்துவிட முடியாது. அவரைப் பெரிதும் மதிக்கிறவன் என்பதாலேயே இதைச் சொல்கிறேன். கைவினையை நேசித்த அதே மூச்சில் அவர் சாதியையும் ஆதரித்தார். பிறப்பால் வரும் தொழில் மனிதனுக்கு நிம்மதியும் தேர்ச்சியும் தரும் என்று நம்பினார். 1936-இல் சாதி ஒழிப்பு பற்றி அம்பேத்கர் எழுதி, ஆற்றவிடாமல் தடுக்கப்பட்ட உரையில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. சாதி வேலையைப் பிரித்துக் கொடுக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து அடுக்கிவைத்தது என்பது அவருடைய வாதம். கண்டியின் தச்சரில் குமாரசுவாமி கண்ட நிறைவை, மலம் அள்ளப் பணிக்கப்பட்டவரிடம் யாரும் காண முடியாது. மரபின் அழகைப் பேசும் எழுத்து அதன் கீழ்த்தட்டைப் பேசாமல் விட்ட இடத்தில்தான் பின்னால் வந்தவர்கள் கொடி நட்டார்கள்.

செப்புத் திருமேனிகள் வார்க்கும் சுவாமிமலைக்குப் போனால் இந்தச் சிக்கலைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்தபதி தென்னை ஓலையை மடித்துத் திருமேனியின் அளவைக் குறிக்கிறார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவைச் செய்கிறார். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைக்கிறார். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஓர் அச்சில் இரண்டாவது சிலை எடுக்க முடியாது. ஓலையின் அளவு மட்டும் கைமாறிக் கைமாறி வருகிறது. மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் புதிதாகச் செய்தாக வேண்டும். குமாரசுவாமி காக்க நினைத்தது இந்த அறிவைத்தான். அவருடைய கவலை இன்றைக்கும் நியாயமானது. இயந்திரம் செய்து தரும் ஆயிரம் பொம்மைகள் இதற்கு ஈடாகாது.

ஆகவே மரபைப் பேசிக்கொண்டு எந்த அரசியல் வந்தாலும், அதை இந்தப் பட்டறை வாசலில் நிறுத்தி இரண்டு கேள்வி கேட்க வேண்டும். உலையருகே நிற்பவருக்கு இந்தத் தொழிலில் நாளைக்கும் கௌரவமான கூலி உண்டா? அவருடைய மகள் வேறு வேலைக்குப் போக நினைத்தாலும், வேறு சாதிப் பிள்ளை இந்த வேலைக்கு வர நினைத்தாலும், கதவு திறந்திருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லாதவர்கள் காக்க வந்தது பட்டறையை அல்ல.